பழைய சுவர் வேறு, பழசானதால் விழுந்த சுவர் வேறு

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் மாமியார் பெயரில் உள்ள வீட்டில் குடியிருக்கிறோம். 1960களில் கட்டிய வீடு, பின்னால் மேடு. மண் சரியாமல் இருக்க மாமனார் தொண்ணூறுகளில் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பினார். போன மாதம் ஒரு ராத்திரி பெய்த மழையில் அது இடிந்து, மண்ணும் கல்லும் வந்து சமையலறைச் சுவரில் மோதின. அந்தச் சுவரில் இப்போது கை நுழையும் அளவுக்கு விரிசல். அதே ராத்திரி காற்றில் கூரைத் தகடு இரண்டு பெயர்ந்து, பின் அறை சீலிங் ஊறி விழுந்தது. இன்சூரன்ஸ் கம்பெனியின் அசெஸர், அதாவது சேதத்தை மதிப்பிடுபவர், வந்து இருபது நிமிடம் பார்த்தார். பிறகு வந்த கடிதத்தில், "சேதம் படிப்படியான சிதைவாலும் பராமரிப்பின்மையாலும் ஏற்பட்டது, தடுப்புச் சுவர்கள் விலக்கு" என்று எழுதி, சுவர், சமையலறை இரண்டையும் மறுத்துவிட்டார்கள். சீலிங்குக்கும் கூரைக்கும் மட்டும் தருகிறார்களாம். அதிலும், வீட்டைக் குறைந்த தொகைக்கு இன்சூர் செய்திருக்கிறோம் என்று கால்வாசி வெட்டு. 'முழு இறுதித் தீர்வு' என்று ஒரு படிவம் அனுப்பிக் கையெழுத்து கேட்கிறார்கள். 2022 வெள்ளத்தையே தாங்கிய சுவர் என்றேன். "அதைத் தாங்கியது இதற்கு விழுந்தால், நடுவில் உளுத்துவிட்டது என்றுதானே அர்த்தம்" என்றார் போனில் பேசியவர். இன்னொருவர், "அது நிலச்சரிவு, உங்கள் பாலிசியில் இல்லை" என்றார். இருபத்திரண்டு வருஷமாக ஒரு மாதம் தவறாமல் பணம் கட்டியிருக்கிறோம். கையெழுத்துப் போட்டுத் தொலைக்கலாம் என்கிறார் மாமி. பிரீமியத்துக்கு வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும் டெபிட் ஆர்டரை நிறுத்திவிடலாம் என்கிறார் கணவர். என்ன செய்வது?

ஒரு மருமகள், சாட்ஸ்வொர்த்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் வேலையாக அந்தப் படிவத்தை மாமியின் கைக்கு எட்டாத இடத்தில் எடுத்து வையுங்கள். 'முழு இறுதித் தீர்வு' என்று அச்சிட்ட தாளில் கையெழுத்தும் போட்டு, பணமும் கணக்கில் விழுந்துவிட்டால், சீலிங்குக்கு மட்டுமல்ல, அந்த ராத்திரி நடந்த அத்தனைக்கும் சேர்த்துச் சமரசம் செய்துகொண்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு பேசும் நியாயம் எடுபடுவது கஷ்டம். அதற்காகச் சீலிங் பணத்தை விட்டுவிடவும் வேண்டாம். 'கூரைக்கும் சீலிங்குக்குமான பகுதித் தொகையாக மட்டும், மற்ற உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்காமல் இதைப் பெற்றுக்கொள்ளச் சம்மதம். படிவத்தை அதற்கேற்பத் திருத்தி அனுப்புங்கள்' என்று ஒரு மின்னஞ்சல் போடுங்கள். திருத்தித் தந்தால் நல்லது. தராவிட்டால் அந்த மறுப்பாவது எழுத்தில் கிடைக்கும், பின்னால் உதவும்.

இருபத்திரண்டு வருஷம் தவறாமல் கட்டினோம் என்பதை உங்கள் கடிதத்தில் எழுதவேண்டாம். ஆற்றாமை எனக்குப் புரிகிறது. ஆனால் நான் பல காலம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இப்படிப்பட்ட கடிதங்களைப் படித்தவன். கோபமும் கண்ணீரும் நிறைந்த கடிதத்தைப் படிப்பவர் மனம் இளகுவது உண்டு. ஃபைலில் அவர் குறித்துக்கொள்வது மட்டும் 'புதிய விவரம் எதுவும் இல்லை' என்றுதான். உங்கள் கடிதம் பாலிசியின் வாசகத்தையும் சேதத்தின் காரணத்தையும் தவிர வேறு எதையும் பேசக்கூடாது.

அந்த வாசகம் உங்கள் கையில் இருக்கிறதா? பெரும்பாலான வீடுகளில் இருப்பது ஷெட்யூல் மட்டும்தான்: பெயர், விலாசம், தொகை, எக்ஸஸ் (சேதத்தில் நீங்களே ஏற்கவேண்டிய பங்கு) போட்ட இரண்டு மூன்று பக்கங்கள். சண்டை நடப்பது அதில் அல்ல, தடித்த புத்தகமாக இருக்கும் பாலிசி வாசகத்தில். வருடா வருடம் புதுப்பிக்கும்போது அந்த வாசகம் சத்தமில்லாமல் மாறும். ஆகவே 'சேதம் நடந்த தேதியில் நடைமுறையில் இருந்த பாலிசி வாசகம், ஷெட்யூல், அசெஸரின் அறிக்கை, அவர் எடுத்த படங்கள், எஞ்சினியர் அறிக்கை ஏதேனும் இருந்தால் அதுவும்' என்று ஒரே மின்னஞ்சலில் கேளுங்கள். மறுப்புக் கடிதம் எந்தப் பிரிவு, எந்த உட்பிரிவு என்று சொல்லவில்லை என்றால் அதையும் கேளுங்கள். இது தயவு கேட்பது அல்ல. வீடு, கார் போன்றவற்றுக்கான தென்னாப்பிரிக்கக் குறுகிய கால இன்சூரன்ஸ் சட்டத்தின் கீழ் உள்ள பாலிசிதாரர் பாதுகாப்பு விதிகளில் 17-ஆவது விதி இருக்கிறது. கிளெய்மை மறுத்தாலும் தொகையை எதிர்த்தாலும், முடிவெடுத்த 10 நாளுக்குள் எழுத்தில் சொல்லவேண்டும். நீங்கள் எதிர்வாதம் செய்ய இயலும் அளவுக்குக் காரணங்களை விவரமாகத் தரவேண்டும் என்கிறது அது. 'படிப்படியான சிதைவு' என்று இரண்டு சொல்லை எழுதிவிட்டு நிறுத்துவது அந்த அளவுக்குப் போதாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கம்பெனி செய்திருப்பது, மூன்று தனித்தனிச் சேதங்களை ஒரே மூட்டையாகக் கட்டியது. நீங்களும் கோபத்தில் அந்த மூட்டையோடேயே மல்லுக்கட்டுகிறீர்கள். அதை அவிழ்க்கவேண்டும். தடுப்புச் சுவர் ஒன்று, சமையலறை ஒன்று, கூரையும் சீலிங்கும் ஒன்று. மூன்றுக்கும் வாசகம் வேறு, பலம் வேறு.

தடுப்புச் சுவரில் உங்கள் பக்கம் பலவீனம். மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். புயல், மழைப் பிரிவின் கீழேயே 'கட்டமைப்பு எஞ்சினியரின் வரையறைப்படி வடிவமைத்துக் கட்டப்படாத தடுப்புச் சுவர்களுக்கு ஏற்படும் சேதம் நீங்கலாக' என்ற மாதிரி ஒரு வரி இங்குள்ள பல பாலிசிகளில் உண்டு. உங்கள் மாமனார் எஞ்சினியர் வைத்துக் கட்டியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்தில் யார் வைத்தார்கள்? தெரிந்த மேஸ்திரி, இரண்டு சனி ஞாயிறு, ஒரு லாரி பிளாக், அவ்வளவுதான். இருந்தாலும் டர்பனின் எதெக்வினி நகராட்சியின் கட்டட வரைபடப் பிரிவில் உங்கள் மனைக்கான அங்கீகரித்த வரைபட நகலைக் கேட்டு வாங்குங்கள். சுவர் அதில் வரையப்பட்டு, எஞ்சினியர் கையொப்பமும் இருந்தால் நிலைமை தலைகீழாகிவிடும். இல்லாவிட்டால், சுவருக்கான பணத்தை நம்பி மற்ற இரண்டின் வாதத்தையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்பதைக் கேளுங்கள், ஆனால் கடிதத்தின் முதல் பத்தியில் அல்ல.

சமையலறைதான் உங்கள் கிளெய்மின் உயிர். விலக்கு வாசகத்தை இன்னொரு தரம் படியுங்கள். 'தடுப்புச் சுவர்களுக்கு ஏற்படும் சேதம்' என்றுதான் பொதுவாக இருக்கும். தடுப்புச் சுவர் விழுந்து வேறு ஒன்றுக்கு ஏற்படும் சேதம் என்று அதில் இருக்காது. சமையலறைச் சுவர் தடுப்புச் சுவர் அல்ல, அது வீடு. வீட்டின் சுவரை விலக்கவேண்டும் என்று கம்பெனி நினைத்திருந்தால் அப்படி எழுதியிருக்கவேண்டும். எழுதும் பேனா அவர்கள் கையில்தான் இருந்தது. விலக்கு வாசகத்தை இறுக்கமாகப் படிக்கவேண்டும், இரண்டு அர்த்தம் வருமானால் எழுதியவருக்கு எதிரான அர்த்தத்தையே கொள்ளவேண்டும் என்பது தென்னாப்பிரிக்க நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் விதி. 2012-ல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த எண்டுமேனி நகராட்சி வழக்கை உங்கள் கம்பெனியின் சட்டப் பிரிவு கட்டாயம் மேற்கோள் காட்டும். நம் டண்டி ஊர்ப் பக்கத்து நகராட்சி ஒன்றுக்கும் ஓய்வூதிய நிதி ஒன்றுக்கும் நடந்த வழக்கு அது, இன்சூரன்ஸுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனாலும் ஒரு சொல்லை அதன் சூழலோடும் நோக்கத்தோடும் சேர்த்துப் படிக்கவேண்டும் என்று அதில் சொன்னதால், இன்று எல்லா வாசகச் சண்டையிலும் இரு பக்கமும் அதையே தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பயப்படவேண்டாம். வீட்டு இன்சூரன்ஸின் நோக்கம் வீட்டைக் காப்பது. அந்த வழக்கு உங்களுக்கும் உதவும்.

அடுத்தது 'படிப்படியான சிதைவு'. இங்கேதான் அசெஸர்கள் கால் வழுக்குவார்கள். பாலிசி விலக்குவது 'படிப்படியான சிதைவால் உண்டான' சேதத்தை. பழைய பொருளுக்கு உண்டான சேதம் என்று அது சொல்வதில்லை. அப்படிச் சொன்னால் சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டைக்கூட இன்சூர் செய்ய முடியாது. இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தின் கீழ் கேட்டோ மேனரிலிருந்தும் மேகசின் பேரக்ஸிலிருந்தும் நம் ஜனங்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து குடியமர்த்தக் கட்டிய வீடுகள் அவை. மேட்டை வெட்டி, வெட்டிய மண்ணைப் பள்ளத்தில் கொட்டிப் படி படியாக மனை பிரித்தார்கள். வீட்டுக்குப் பின்னால் மேடு, முன்னால் பள்ளம் என்பது அங்கே விதிவிலக்கல்ல, அமைப்பே அதுதான். விலாசமும் கட்டிய காலமும் தெரிந்துதான் கம்பெனி பிரீமியம் வாங்கியது. எழுபது வயதுக்காரரை லாரி இடித்துவிட்டால், சாவுக்குக் காரணம் முதுமை என்று எந்த டாக்டரும் எழுதமாட்டார்.

ஆனால் இதை வாயால் சொன்னால் போதாது, காரணம் மழைதான் என்று காட்டவேண்டும். இந்த விஷயத்தில் நிரூபிக்கும் சுமை இரண்டாகப் பிரிகிறது. நடந்தது பாலிசி சொல்லும் 'புயல், மழை' நிகழ்வுக்குள் வருகிறது என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. அது விலக்குக்குள் விழுகிறது என்று காட்டுவது அவர்கள் பொறுப்பு. 'பராமரிப்பு ரசீது கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் மறுப்பு' என்று சிலர் சுமையை நைசாக உங்கள் தலைக்கு மாற்றுவார்கள். ரசீது இருந்தால் கொடுங்கள். இல்லாதது மட்டுமே மறுப்புக்குக் காரணமாகாது.

2022 வெள்ளத்தைப் பற்றி நீங்களும் அவரும் பேசியது எனக்குச் சுவாரஸ்யமாக இருந்தது, ஒரே விவரத்தை இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறீர்கள். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பன் சுற்று வட்டாரத்தில் சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது, 400 பேருக்கு மேல் இறந்தார்கள். புனித வெள்ளியை ஒட்டிய மாரியம்மன் திருவிழாவுக்கு ஊரே தயாராகிக்கொண்டிருந்த வாரம் அது. அதைத் தாங்கிய சுவர் என்பது உங்களுக்கு நல்ல சாட்சிதான்: அன்றைக்குச் சுவர் திடமாக இருந்தது. ஆனால் அதற்கும் இப்போது விழுந்ததற்கும் நடுவில் உள்ள காலத்தில் சுவரின் நிலை என்ன என்பதை நீங்கள் நிரப்பாவிட்டால், அந்த வெற்றிடத்தில் அவர் 'உளுத்துப்போனது' என்ற சொல்லை வைத்துவிடுவார். நிரப்ப வழி இருக்கிறது.

வீட்டுப் படங்களைத் தோண்டுங்கள். ஆடியில் வீட்டில் கூழ் ஊற்றியிருப்பீர்கள்; பின்முற்றத்தில் அடுப்பு மூட்டி, பானையைச் சுற்றிப் பெண்கள் நின்று எடுத்த படம் யாருடைய போனிலாவது இருக்கும். பானைக்குப் பின்னால் சுவர் தெரியும். அது நேராக நிற்கிறதா, வயிறு தள்ளியிருக்கிறதா, விரிசல் உண்டா, அடியில் உள்ள வடிகால் துளைகளில் தண்ணீர்க் கறை இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். தேதியோடு உள்ள அப்படி ஒரு படம், சேதத்துக்குப் பிறகு வந்த அசெஸரின் ஊகத்தைவிடப் பெறுமானம் உள்ளது. கூகுள் தெருக்காட்சியில் பழைய தேதிகளுக்குப் போய்ப் பார்க்கலாம், பக்கத்துச் சந்திலிருந்து சுவரின் மேல் விளிம்பாவது தெரிந்தால் அதையும் எடுத்து வையுங்கள். எதிர்மாறாக, படத்தில் விரிசல் நன்றாகத் தெரிந்தால் அதை எனக்கு மட்டும் முதலில் அனுப்புங்கள், பேசுவோம். ஒளிக்கச் சொல்லவில்லை, கேட்டால் உண்மையைத்தான் சொல்லவேண்டும். எந்த வாதத்தில் நிற்பது என்று முடிவு செய்ய எனக்கு அது தெரியவேண்டும்.

சமையலறை விரிசலின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய விரிசலுக்குள் தூசி, ஒட்டடை, பெயிண்ட் வழிந்த தடம் இருக்கும், ஓரம் மழுங்கியிருக்கும். புதியதில் செங்கல்லின் நிறம் புதிதாகத் தெரியும், ஓரம் கூராக இருக்கும். பூசுவதற்கு முன்னால், பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துக் கிட்டத்தில் படம் எடுங்கள். இருபது நிமிடத்தில் போன அசெஸர் இதைச் செய்திருக்கமாட்டார் என்று பந்தயம் கட்டுகிறேன்.

மழை அளவுக்கு தென்னாப்பிரிக்க வானிலைச் சேவையிடம் கேட்கலாம். கேட்கும்போது அந்த ஒரு நாளைக்கு மட்டும் கேட்காதீர்கள். அருகிலுள்ள நிலையத்தின் முந்தைய இரண்டு வாரக் கணக்கையும் நாள்வாரியாக வாங்குங்கள். காரணம் இருக்கிறது. சுவரைத் தள்ளுவது அன்றைய மழை மட்டும் அல்ல. முன்னமே ஊறிக் கனத்த மண்ணுக்குள் மேலும் தண்ணீர் இறங்கும்போது, சுவருக்குப் பின்னால் தேங்கும் நீரின் அழுத்தம்தான் அதைத் தள்ளுகிறது. ஊறிய மண்ணில் பெய்யும் 60 மில்லிமீட்டர், காய்ந்த மண்ணில் பெய்யும் அதைவிடப் பெரிய மழை செய்யாததைச் செய்துவிடும். '2022-ஐவிடக் குறைந்த மழை, ஆகவே சுவர் உளுத்தது' என்ற வாதத்துக்குப் பதில் இதுதான். பாலிசி 'புயல்' என்பதற்கு இத்தனை மில்லிமீட்டர் என்று வரையறை வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். வைக்கவில்லை என்றால் சாதாரண அர்த்தம்தான், அவர்களாக இப்போது ஒரு அளவைப் புகுத்த முடியாது. அதே ராத்திரி அக்கம்பக்கத்தில் வேறு சுவர்கள் விழுந்திருந்தால் படம் எடுத்து, அந்த வீட்டாரிடம் ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

அவர்கள் கையில் உள்ள நல்ல சீட்டு எது என்பதையும் சொல்லவேண்டும். 'தவறான வடிவமைப்பு அல்லது கட்டுமானத்தால் உண்டான சேதம்' என்று ஒரு பொது விலக்கு இருந்து, சுவரில் வடிகால் துளையே இல்லை என்று வந்தால், சமையலறையையும் அதற்குள் இழுக்கப் பார்ப்பார்கள். இதற்கு என் பேச்சோ உங்கள் பேச்சோ போதாது, எஞ்சினியர் வேண்டும். தென்னாப்பிரிக்க எஞ்சினியரிங் கவுன்சிலில் பதிவு செய்த கட்டமைப்பு எஞ்சினியர் ஒருவரை அழைத்து, பொதுவாக ஒரு அறிக்கை கேட்காமல் குறிப்பாகக் கேளுங்கள்: சுவர் விழ முதன்மைக் காரணம் எது, அந்த மழை இல்லாமல் அது அந்த ராத்திரி விழுந்திருக்குமா, சமையலறை விரிசல் மண் மோதியதால் வந்ததா முன்னமே இருந்ததா. காசு செலவாகும். சமையலறைச் சுவரை மறுபடி கட்டும் செலவோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள், என் கணிப்பில் செலவழிக்கத் தகும். மிச்சமிருக்கும் இடிபாட்டை அதற்குள் அள்ளிப் போட்டுவிடாதீர்கள். துளை இருந்த பிளாக் ஒன்றாவது கிடக்கும்.

நிலச்சரிவு என்று போனில் சொன்னவரிடம், 'அதையும் எழுத்தில் தாருங்கள், பிரிவு எண்ணோடு' என்று கேளுங்கள். மறுப்புக் கடிதத்தில் இல்லாத காரணம் அது. பின்னால் அவர்கள் அதைக் கொண்டுவரலாம்தான், ஆனால் காரணத்தை மாற்றி மாற்றிச் சொல்லும் கம்பெனியை ஆம்பட் (கம்பெனிகள் மேலான புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பு அமைப்பு) உன்னிப்பாகப் பார்க்கும். அதோடு, 'பாலிசியில் இல்லை' என்பது சரியா என்றே எனக்குச் சந்தேகம். இங்கே பல வீட்டு பாலிசிகளில் நிலம் அமுங்குதல், சரிதல் இரண்டுக்கும் குறைந்த காப்பு, விரிவான காப்பு என்று இரண்டு படி உண்டு. களிமண் ஈரத்தில் உப்பி, காய்ந்து சுருங்குவதால் வரும் விரிசலைக் குறைந்த படி விலக்கும். அதையும் சேர்ப்பதற்குத்தான் கூடுதல் பணம் கட்டி விரிவான படி எடுப்பது. ஷெட்யூலில் 'குறைந்த காப்பு' என்று இருந்தால், 'இல்லை' என்று அர்த்தம் அல்ல. உப்பிச் சுருங்கிய களிமண் அல்ல உங்கள் சமையலறையில் மோதியது. ஆனால் அந்தப் பிரிவை மட்டும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். 'சேதம் விலக்கப்பட்ட காரணத்தால் வரவில்லை என்று காட்டுவது பாலிசிதாரரின் பொறுப்பு' என்று சுமையைத் திருப்பிப் போடும் வரி சில பாலிசிகளில் அங்கேதான் ஒளிந்திருக்கும். அதனால்தான் நீங்களாக 'மண் சரிந்தது' என்று எங்கும் எழுதவேண்டாம் என்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்: மழை பெய்தது, சுவருக்குப் பின்னால் தண்ணீர் சேர்ந்தது, சுவர் விழுந்தது, கல்லும் சேறும் சமையலறையில் மோதின. பெயர் சூட்டுவதை எஞ்சினியரிடம் விடுங்கள். புரோக்கர் மூலம் எடுத்த பாலிசியாக இருந்து, மேட்டடி வீட்டுக்கு விரிவான காப்பு என ஒன்று உண்டு என்றே அவர் சொல்லவில்லை என்றால், அது புரோக்கர் மேல் தனிப் புகார். அது புரோக்கர்கள், நிதி ஆலோசகர்கள் மேலான புகார்களைக் கேட்கும் ஃபாயிஸ் ஆம்பட்டுக்குப் போகும், இதோடு கலக்கவேண்டாம்.

கூரைக்கும் சீலிங்குக்கும் தருவதாக ஒப்புக்கொண்டதே உங்களுக்கு ஒரு ஆயுதம். அந்த ராத்திரி அடித்தது 'புயல்' என்பதை அவர்களே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஒரே ராத்திரி, ஒரே வீட்டின் கூரைக்குப் புயலாகவும் பின்பக்கத்துக்குச் சிதைவாகவும் எப்படி இருந்தது என்று கேளுங்கள்.

கால்வாசி வெட்டுக்கு இங்கே 'ஆவரேஜ்' என்பார்கள். இன்சூர் செய்த தொகையை, வீட்டை மறுபடி கட்ட ஆகும் செலவால் வகுத்து, அந்த விகிதத்தில்தான் சேதத்துக்குப் பணம். உங்கள் தொகை 9,00,000 ராண்ட், அவர்கள் கணக்கில் மறுகட்டுமானம் 12,00,000 ராண்ட் என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 75 சதவீதம். 48,000 ராண்ட் சேதத்துக்கு 36,000, அதில் எக்ஸஸ் 5,000 போனால் 31,000. விதி நியாயமானதுதான், அதோடு சண்டை போடாதீர்கள். அந்த 12,00,000 எங்கிருந்து வந்தது என்பதோடு போடுங்கள். எத்தனை சதுர மீட்டர், சதுர மீட்டருக்கு என்ன விலை என்று கேளுங்கள். 120 சதுர மீட்டர், 10,000 ராண்ட் என்று பதில் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். டேப் பிடித்து அளந்தால் வீடு 96-தான், கார் நிறுத்தும் தகரக் கொட்டகையையும் வீட்டு விலைக்கே சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், மறுகட்டுமானம் 9,60,000 ஆகிவிடும். கொட்டகைக்கு அதன் விலையைச் சேர்த்தாலும் பெரிய வித்தியாசம் வராது. விகிதம் 93 சதவீதத்தைத் தாண்டும், கையில் கிடைப்பது 40,000-ஐ ஒட்டி வரும். இப்போதே இதைச் சரிசெய்யாவிட்டால், நாளை சமையலறையில் ஜெயித்தாலும் அந்தப் பணத்திலும் கால்வாசி போகும். பெயர்ந்தது பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால் அதைச் சாதாரணக் குப்பையோடு போடக்கூடாது. கழற்றி அப்புறப்படுத்தும் செலவைக் கொட்டேஷனில் தனி வரியாகக் காட்டச் சொல்லுங்கள்.

இனி கால வரம்பு. மறுப்புக் கடிதம் கையில் கிடைத்த தேதியை அதன் மேல் எழுதி வையுங்கள். அன்றிலிருந்து குறைந்தது 90 நாள், கம்பெனிக்கு உங்கள் எதிர்வாதத்தை அனுப்ப அவகாசம் உண்டு. அனுப்பினால் 45 நாளுக்குள் அவர்கள் பதில் தரவேண்டும். வழக்குப் போட பாலிசியில் கெடு இருந்தால், அந்த 90 நாள் முடிந்த பிறகு குறைந்தது ஆறு மாதமாவது அது தரவேண்டும். இந்தப் பாதுகாப்பு வருவதற்கு முந்தைய காலத்து வழக்கு ஒன்று அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது, பர்கைசன் வழக்கு, 2007. கார் இன்சூரன்ஸ், கிளெய்ம் மறுக்கப்பட்டால் 90 நாளுக்குள் சம்மன் அனுப்பவேண்டும் என்று பாலிசி. அவர் இரண்டு வருஷம் கழித்துப் போனார். நீதிமன்றம் கெடுவை நிலைநிறுத்தியது. அவர் கிளெய்மில் நியாயம் இருந்ததா என்ற கேள்விக்கே போகவேண்டியிருக்கவில்லை.

கம்பெனி மறுபடி மறுத்தால் நேஷனல் ஃபைனான்ஷியல் ஆம்பட்டிடம் போங்கள். 2024 மார்ச் 1 முதல் வங்கி, கடன், ஆயுள், பொது இன்சூரன்ஸ் ஆம்பட்கள் நான்கும் ஒன்றாகச் சேர்ந்த அமைப்பு அது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, புகாரை முறைப்படி ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து வழக்குக் கெடு ஓடாமல் நிற்கும். முதலில் கம்பெனியிடம் எழுதிக் கேட்டீர்களா என்றுதான் அவர்கள் பார்ப்பார்கள். வழக்குப் போட்டுவிட்டு அங்கே போக முடியாது, ஆகவே வரிசை மாறக்கூடாது.

கடிதத்தின் நடுப்பகுதியை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். பாலிசி வரிகளை மட்டும் அதில் உள்ளபடி ஒரு எழுத்து மாறாமல் மேற்கோளாகப் போடவேண்டும்:

'சமையலறைச் சுவர் கட்டடத்தின் பகுதி. உங்கள் மறுப்பு சுட்டும் விலக்கு தடுப்புச் சுவருக்கு ஏற்படும் சேதத்தை மட்டுமே விலக்குகிறது. அதே இரவின் அதே புயலைக் கூரைச் சேதத்துக்குக் காரணமாக நீங்களே ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள். சமையலறைச் சேதம் படிப்படியாக ஏற்பட்டது என்பதற்கு உங்களிடம் உள்ள ஆதாரம் என்ன, அது எந்த உட்பிரிவில் வருகிறது என்று எழுத்தில் தெரிவிக்கவும். இணைப்பு: தேதியுள்ள படங்கள், மழைக் கணக்கு, எஞ்சினியர் அறிக்கை.'

இதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். பாலிசி மாமி பெயரில் இருப்பதால் கையெழுத்து அவருடையதாக இருக்கட்டும், அல்லது உங்களுக்கு அதிகாரம் கொடுத்து அவர் ஒரு கடிதம் தரட்டும். இல்லாவிட்டால் 'உங்களோடு பேச முடியாது' என்று அதிலேயே ஒரு மாதம் கழியும்.

சமையலறைச் சுவருக்கு முட்டுக் கொடுத்தீர்களா? எழுதவில்லையே. சேதம் பெருகாமல் பார்த்துக்கொள்ளும் கடமை பாலிசிதாரருக்கு உண்டு. மரமோ இரும்போ வைத்து முட்டுக் கொடுத்து, கூரையில் தார்ப்பாய் போட்டு, ரசீதுகளை வைத்துக்கொள்ளுங்கள், அந்தச் செலவையும் கேட்கலாம். முட்டுக் கொடுப்பதற்கு முன்னும் பின்னும் படம் எடுக்க மறக்கவேண்டாம்.

கணவரிடம் டெபிட் ஆர்டரில் கை வைக்கவேண்டாம் என்று சொல்லுங்கள். பிரீமியம் நின்றால் பாலிசி போய்விடும், பின்னால் தடுப்பில்லாமல் நிற்கும் மேடு அப்படியேதான் இருக்கும். இப்படிப்பட்ட நிலையில் உள்ள வீட்டை வேறு கம்பெனி புதிதாக எடுத்துக்கொள்ளுமா என்பது சந்தேகம். எடுத்தாலும் மறுப்பு வாங்கியதையும் சுவர் விழுந்ததையும் அவர்கள் கேட்டால் மறைக்கக்கூடாது. சண்டை முடிகிற வரை இதே கம்பெனிக்கு மாதாமாதம் கட்டுங்கள்.